கூரைக்கு அடியில் ஒரு தென்னம்பிள்ளை: சிப்பிகாட்டின் நாற்று வரலாறு

போர்ட் பிளேரிலிருந்து தெற்கே செல்லும் சாலையில் சிப்பிகாட்டை அடையும்போது இருபுறமும் நீர் விரிகிறது. பறவை நோக்குநர்களுக்கு இன்று அது விருப்பமான இடம். நாரைகளும் கொக்குகளும் வலசைவரும் உள்ளான்களும் இறங்கும் அந்தச் சதுப்பு, 2004 டிசம்பர் 26 காலை வரை வயலாகவும் தோட்டமாகவும் இருந்தது. அன்று காலை ஆறரை மணியளவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் இப்பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஆழிப்பேரலை வந்தது, திரும்பியது. ஆனால் தாழ்ந்த நிலம் மீண்டும் உயரவில்லை. அதன்பின் ஒவ்வொரு ஓதத்திற்கும் கடல் உள்ளே வந்தது. ஊர்ப்பெயரின் பின்பாதியான ‘காட்’ படித்துறையைக் குறிக்கும் சொல். அந்தப் பெயருக்குரிய நீர், யாரும் கேட்காமலே வயலுக்குள் வந்து நின்றுவிட்டது.

ஆழிப்பேரலை பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் உயிரிழப்பையும் நிவாரணத்தையும் பேசுகின்றன. அது இயல்பே. வேளாண் வரலாற்றில் அந்நாள் எழுப்பிய சிறு கேள்வியொன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. மண்ணை நம்ப முடியாத இடத்தில் நாற்றை எங்கே தொடங்குவது? உப்பு, வளர்ந்த பயிரைவிட முளையையும் இளநாற்றையும் முதலில் தாக்கும். வேரூன்றிய மரம் சில காலம் தாக்குப்பிடிக்கும் உவர்நிலத்தில் விதை முளைக்கவே மறுக்கலாம். ஆகவே உவர்ப்பு ஏறிய ஊரில் பயிர்செய்கை முதலில் தோற்பது நாற்றங்காலில்தான். சிப்பிகாட்டில் இக்கேள்விக்கு 2004-க்கு முன்பே, வேறொரு காரணத்துக்காக, ஒரு விடை உருவாகத் தொடங்கியிருந்தது. அந்த விடை தென்னையைச் சார்ந்தது. கூரைக்குக் கீழே, கண்ணாடிக் குழாய்க்குள், மிகக் குறைந்த எடையோடும் செலவோடும் ஒரு கன்றைத் தொடங்குவது பற்றியது.

அந்தமானில் தென்னை ஒரு குடியேறி. நிக்கோபார் தீவுகளில் தென்னை வாழ்வின் அச்சாணி. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி ‘மாநக்கவாரம்’ என்று சுட்டும் நிலப்பகுதியை ஆய்வாளர் நிக்கோபாராகவே அடையாளம் காண்கின்றனர். வடக்கே, இன்றைய மியான்மருக்குரிய கோக்கோ தீவுகளுக்குப் பெயரே தென்னையால் வந்தது. இவ்விரண்டுக்கும் நடுவில் கிடக்கும் அந்தமானில், ஆங்கிலேயர் குடியிருப்பு அமைத்த காலத்தில் தென்னை ஏறக்குறைய இல்லை. மிதந்து வரும் காய்கள் கரையில் ஒதுங்கியும் மரமாகாத இந்தப் புதிர், பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 1858-இல் தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்ட பிறகு, காடு திருத்தப்பட்ட சரிவுகளில் கைதிகளின் உழைப்பில் தென்னந்தோப்புகள் எழுந்தன. இன்று தென் அந்தமானில் நிற்கும் தென்னைகளில் பெரும்பாலானவற்றின் மூதாதை, யாரோ கொண்டுவந்து நாற்றங்காலில் வைத்த காய்தான்.

தமிழில் தென்னங்கன்றைத் ‘தென்னம்பிள்ளை’ என்கிறோம். வேறெந்தப் பயிரின் நாற்றுக்கும் இவ்வளவு இயல்பாகப் பிள்ளை என்ற சொல் ஒட்டுவதில்லை. அதற்குத் தாவரவியல் காரணமும் இருக்கிறது எனலாம். மூன்று கண்களில் மென்மையான ஒன்றின் கீழே, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய கரு படுத்திருக்கிறது. முளைக்கத் தொடங்கியதும் அது உள்நோக்கி ஓர் உறிஞ்சுறுப்பை வளர்க்கிறது. தெருவோரத்தில் ‘தேங்காய்ப்பூ’ என்று விற்கப்படும் பஞ்சுபோன்ற உருண்டை அதுவே. பனங்கொட்டையில் அதே உறுப்பைப் பூரான் என்கிறோம். பருப்பையும் நீரையும் மாதக்கணக்கில் உறிஞ்சியபடி, தாயின் மடியிலேயே கன்று வளர்கிறது. தொட்டியும் உரமும் நீரும் ஒரே ஓட்டுக்குள் அடங்கிய இந்த ஏற்பாட்டுக்கு ஒரு குறை உண்டு. எடை. மட்டையோடு கூடிய விதைக்காய் ஒரு கிலோவுக்கு மேலும் இருக்கும். ஆயிரம் விதைக்காயைக் கடல்கடத்த வேண்டுமெனில் அது ஒரு டன் சரக்கு. நோயும் பூச்சியும் அதனுடன் இலவசமாகப் பயணம் செய்யும்.

நாற்றைக் கூரைக்கடியில் வளர்க்கும் அறிவியல், நகரத்தில் பிறந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். இலண்டனின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மருத்துவர் நத்தானியேல் வார்டு, புகைக்கரி படிந்த காற்றில் தம் பெரணிகள் மாண்டுபோவதைக் கண்டு சலித்தவர். 1829-இல், ஒரு கூட்டுப்புழுவுக்காக மண்ணிட்டு மூடிவைத்த கண்ணாடிப் புட்டியில் பெரணியும் புல்லும் தாமாக முளைத்திருப்பதைக் கண்டார். வாங்கிய பொருள் ஒன்றுமில்லை. ஒரு புட்டி, ஒரு மூடி, ஈரமண். 1833-இல் அவ்வாறு மூடிய இரு பெட்டிகள் சிட்னிக்குக் கப்பலேறிச் செடிகளை உயிரோடு சேர்த்தன. ஏழை நகரவாசியின் சன்னலோரத்துக்கு ஏற்ற அந்தக் கண்டுபிடிப்பு பேரரசின் கருவியானதே பின்னர் நிகழ்ந்தது. 1876 ஜூனில் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளுக்காக, கியூ தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீடுகள் காலிசெய்யப்பட்டன. ஆயிரம் விதைக்குப் பத்துப் பவுண்டு என்பது ஒப்பந்தம். நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. முளைத்தவற்றில் 1,919 கன்றுகள் 38 வார்டு பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் அவை வேரூன்றின. அந்தக் கன்றுகளின் வழித்தோன்றல்களில் பால் வெட்டிய மலையகத் தமிழர் சிலர், 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் ‘தாயகம் திரும்பியோராக’ நிக்கோபாரின் கச்சால் தீவில் மீண்டும் இரப்பர் தோட்டத்துக்கே அனுப்பப்பட்டனர். நாற்றின் வரலாற்றில் கண்ணாடி வீடு பேசப்படும் அளவுக்கு, நாற்றோடு பெயர்க்கப்பட்ட மனிதர்கள் பேசப்படுவதில்லை.

கியூவின் வழி பணமுள்ளோரின் வழி. எழுபதாயிரம் விதையில் ஆயிரக்கணக்கு மட்டும் தேறினால் போதும் என்ற கணக்கை அரசுகளே தாங்க முடியும். தென்னை ஆராய்ச்சிக்கு அத்தகைய செல்வம் ஒருபோதும் வாய்த்ததில்லை.

இந்தியாவில் அவ்வாராய்ச்சி 1916-இல் தொடங்கியது. சென்னை மாகாண அரசு அன்று காசர்கோட்டிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் தென்னை நிலையங்களை அமைத்தது. 1970-இல் மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையமாக உருப்பெற்றது காசர்கோடு நிலையமே. 1978-இல் போர்ட் பிளேரில் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டபோது, தீவுகளில் அதுவரை தனித்தனியே இயங்கிய கிளைகள் ஒன்றாயின. இப்பின்னணியில் சிப்பிகாட்டுக்கு ஒரு பெரிய பெயர் கிடைத்தது: உலகத் தென்னை மரபுவள மையம். பெயரின் அகலத்துக்கும் ஊரின் அளவுக்கும் பொருத்தமில்லை என்று நகைப்போர் இருந்திருக்கலாம். ஆனால் இடத்தேர்வு தற்செயலன்று.

1981-இல் இந்திய ஆய்வாளர் குழுவொன்று பசிபிக் தீவுகளுக்குச் சென்றது. பிஜி, டோங்கா, சமோவா, பிரெஞ்சுப் பொலினீசியா, பாப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள் ஆகிய இடங்களிலிருந்து 24 தென்னை வகைகள் திரட்டப்பட்டன. அவற்றை நேரே கேரளத்துக்கோ தமிழ்நாட்டுக்கோ கொண்டுவருவது பேராபத்து. பிலிப்பைன்சில் கடாங்-கடாங் நோய் கோடிக்கணக்கான தென்னைகளைக் கொன்றிருந்தது. அதற்குக் காரணம் நுண்ணுயிர்கூட அன்று, வைராய்டு எனப்படும் வெறும் ஆர்.என்.ஏ. இழை என்பது 1975-இல்தான் தெரியவந்தது. அப்படியொரு நோயை ஒரு காய்க்குள் கண்டறிய அன்று எளிய வழியில்லை. எனவே காய்களை முதலில் தீவொன்றில் நட்டு, மரமாகும்வரை பார்த்திருப்பதே பாதுகாப்பு. நிலப்பகுதிக்கும் தீவுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல் இலவச வேலியாக நின்றது. கைதிகளைத் தனிமைப்படுத்தத் தேர்ந்த கடலே காய்களையும் தனிமைப்படுத்தியது என்று சொன்னால் மிகையாகாது.

மரங்கள் வளர்ந்தன, காய்த்தன. அப்போதுதான் அடுத்த சிக்கல் எழுந்தது. ஒரே தீவில், ஒரே இடத்தில், இத்தனை அரிய மரங்கள். ஒரு புயலோ நோயோ போதும். 1998-இல் கர்நாடகத்தின் கிடுவில் தெற்காசியாவுக்கான பன்னாட்டுத் தென்னை மரபணு வங்கி தொடங்கப்பட்டபோது, சிப்பிகாட்டின் மரங்களுக்கு அங்கே ஒரு மறுபிரதி வேண்டும் என்ற தேவை உறுதியானது. காய்களை அனுப்பினால் தனிமைப்படுத்தலின் நோக்கமே சிதையும். காய் இல்லாமல் தென்னையை அனுப்ப முடியுமா?

முடியும் என்பதற்கான அறிவு பல நாடுகளில் துண்டு துண்டாகத் திரண்டிருந்தது. விதையிலிருந்து கருவைப் பிரித்துச் செயற்கை ஊட்டத்தில் வளர்க்கலாம் என்று ஜெர்மனியின் ஹானிக் 1904-இல் காட்டினார். 1941-இல் வான் ஓவர்பீக்கும் உடனாய்வாளரும் ஊமத்தையின் இளங்கருக்களைப் பிழைக்கவைக்க இளநீரைப் பயன்படுத்தினர். அதன்பின் உலகின் ஆய்வகங்களெங்கும் பிற செடிகளின் கருவுக்கு இளநீர் ஊட்டுவது வழக்கமாயிற்று. தென்னையின் சொந்தக் கருவோ எளிதில் வளைந்துகொடுக்கவில்லை. 1954-இல் கட்டரும் வில்சனும் முயன்றனர். உறுதியான வெற்றி 1964-இல் பிலிப்பைன்சில், எமரிட்டா டி குஸ்மான், டெல் ரொசாரியோ ஆகியோரால் கிட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்டது மகாபுனோ என்னும் விந்தைத் தேங்காய். நம் நாட்டில் இதைத் தயிர்த்தேங்காய் என்பர். உள்ளே பருப்பு குழைந்து நிற்கும். உண்ண இனியது, விலை உயர்ந்தது, ஆனால் முளைக்காது. கரு நலமாக இருந்தும் அதைச் சூழ்ந்த பருப்பு அதற்கு உணவாகாமல் அழுகிவிடுவதே காரணம். கருவை வெளியே எடுத்துக் குழாயில் வளர்த்ததும் அது கன்றாயிற்று. தாயால் ஊட்ட முடியாத பிள்ளையை வளர்க்கக் கண்ட வழி, பின்னாளில் தாயைவிட்டுக் கடல்கடக்க வேண்டிய பிள்ளைக்கும் உதவியது.

1987-இல் ஐவரி கோஸ்டில் பணியாற்றிய அசி-பா குழுவினர் வெளியிட்ட முறை இவ்வரலாற்றின் திருப்புமுனை. அதுவரை கரு வளர்ப்பு தூய காற்றோட்டப் பேழை, நீராவி அழுத்தக்கலன், குளிரூட்டிய அறை ஆகியவற்றைக் கேட்கும் செலவாளிக் கலை. அவர்கள் அதன் முதற்பகுதியைத் தோப்புக்கே கொண்டுசென்றனர். மரத்தடியில் காயைப் பிளந்து, துளைக்குழலால் கருவைப் பருப்பின் ஒரு சிறு உருளையோடு சேர்த்து எடுத்து, சலவைக் கரைசலில் கழுவி, உப்புக் கரைசலிலோ சிறு குழாயிலோ இட்டு ஆய்வகத்துக்கு எடுத்துச்சென்றால் போதும். காசர்கோட்டு ஆய்வாளர்கள் இவ்வழியைத் தம் நிலைக்கேற்ப மேலும் எளிதாக்கினர். நுண்ணுயிர் நீக்கிய வெறும் நீரில் கருக்களை வைத்தே பயணம் செய்யலாம் என்றாயிற்று. ஒரு டன் காயின் மரபுவளம் ஒரு கைப்பையில் அடங்கியது. சிப்பிகாட்டின் மரங்களிலிருந்து கருக்கள் இவ்வாறு பிரிக்கப்பட்டுக் காசர்கோட்டுக்குச் சென்றன. அங்கு குழாயில் கன்றாகி, கிடுவில் மண் கண்டன.

இங்கே கருவுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். ஏனெனில் மாடிப்படியோரத்தில் நாற்றுவிடும் எந்தக் குடித்தனக்காரரும் செய்வதன் நுண்வடிவமே அது. குழாயில் தாது உப்புகளும் சர்க்கரையும் உண்டு. தென்னைக்கென ஈயுவென்ஸ் 1976-இல் வகுத்த ‘ஒய்-3’ கலவை பரவலாகப் பயன்படுகிறது. சிறிது மரக்கரி, கரு கசியும் நச்சுப்பொருளை ஈர்த்துக்கொள்கிறது. முதல் வாரங்கள் இருட்டு. முளை தோன்றியபின் ஒளி. இலையும் வேரும் வர மாதங்களாகும். பின்னர் வருவதே கடினமான கட்டம். குழாய்க்குள் காற்று எப்போதும் ஈரம் நிறைந்தது. அங்கு விரிந்த இலைக்கு மெழுகுப் பூச்சு போதாது, இலைத்துளைகள் மூடப் பழகவில்லை. சட்டென வெளியே எடுத்தால் ஒரு நண்பகலில் வாடி முடிந்துவிடும். ஆகவே மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்த தொட்டியில் நட்டு, பாலித்தீன் உறையால் மூடி, நாளுக்கு நாள் உறையைச் சிறிது சிறிதாகத் திறந்து, நிழல்வலைக்கு மாற்றி, இறுதியில் வெயிலுக்குக் காட்ட வேண்டும். ஆய்வேடுகள் இதைக் கடினப்படுத்தல் என்கின்றன. பழக்குதல் என்பதே பொருந்தும் சொல். குழாயில் நன்கு வளர்ந்தவை இக்கட்டத்தில் கணிசமாக மடிகின்றன. விதைக்காய் நாற்றங்காலில் இந்த இழப்பு இல்லை. அங்கே பிள்ளைக்கு ஓடு முழுதும் சேமிப்பு இருக்கிறது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். திசு வளர்ப்பில் பணத்தை விழுங்குவன ஊடகத்துக்கான தூய வேதிப்பொருள்கள், கண்ணாடிக் கலன்கள், மின்சாரம் ஆகியவை. வேதியியல் தரச் சுக்ரோசுக்கு மாற்றாக மளிகைக்கடைச் சர்க்கரை, சிறப்புக் கலனுக்கு மாற்றாக ஜாம் புட்டி, மின்விளக்குக்கு மாற்றாகச் சன்னல் வெளிச்சம் என்று வளரும் நாடுகளின் ஆய்வகங்கள் கண்ட சிக்கனங்களைப் பன்னாட்டு அணுசக்தி முகமை 2004-இல் தனி அறிக்கையாகவே தொகுத்து வெளியிட்டது. அறிவியல் வரலாறு எழுதுவோர் இந்தச் சிக்கனங்களை அடிக்குறிப்புக்குத் தள்ளுவது தவறு. வார்டின் புட்டியிலிருந்து ஜாம் புட்டிவரை, நாற்றைக் காத்த கருவி பெரும்பாலும் சமையலறையிலிருந்தே வந்திருக்கிறது.

அந்தமானின் வீடுகளில் கூரைக்கடி நாற்றுக்கு ஆய்வகத்தைவிடப் பழைய காரணங்கள் உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை; இரு பருவக்காற்றும் பெய்யும். மே முதல் டிசம்பர் வரை திறந்தவெளிப் பாத்தியில் விட்ட மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகள் நாற்றழுகல் நோயில் சாயும். பிழைத்தவற்றை இரவில் நத்தை தின்னும். ராட்சத ஆப்பிரிக்க நத்தை, 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் இத்தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்டதாகக் கூறப்படுகிறது. உணவுப் பஞ்சத்தில் மக்கள் கிழங்குக்குத் தவித்த ஆண்டுகளின் மிச்சமாக அது இன்றும் ஊர்கிறது. அதன் முதற்பலி எப்போதும் இளநாற்றே. இதற்கு மருந்து வாங்குவதைவிடத் திண்ணைமேல் நாற்றை ஏற்றுவது மலிவு. கண் பிளந்த கொட்டாங்குச்சி இயல்பாகவே வடிகால் துளையுள்ள தொட்டி. பாக்குமட்டை, எண்ணெய் டின், அடியில் துளையிட்ட பால் உறை எல்லாம் போதும். இன்று குழித்தட்டு வந்திருக்கிறது. அதற்குள் இடுவது அதே நார்க்கழிவும் மட்கிய எருவும்தான்.

2004-க்குப் பின் இவ்வழக்கம் புதிய பொருள் பெற்றது. உவர்நீர் தேங்கும் தாழ்நிலங்களுக்கென மண்ணை வெட்டி மேடாக்கி, இடையே வாய்க்கால் விட்டு, மேட்டில் காய்கறியும் வாய்க்காலில் மீனும் வளர்க்கும் அகலப்பாத்தி முறையைப் போர்ட் பிளேர் நிலையம் பரப்பியது. மழை மேட்டின் உப்பைக் கழுவ வேண்டும். அதுவரை நாற்று வேறெங்காவது காத்திருக்க வேண்டும். அந்த வேறெங்காவது வீட்டுக் கூரையின் கீழ்தான்.

சிப்பிகாட்டின் பசிபிக் தென்னைகள் அனைத்தும் கடலோடு போய்விடவில்லை. அத்தொகுப்பிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட அன்னபூர்ணா, சூர்யா, ஓம்கார், சந்தன் என்னும் குட்டை வகைகளைப் போர்ட் பிளேர் நிலையம் பின்னாளில் வெளியிட்டது. எனினும் மரபுவளம் யாருடையது என்ற கேள்வி பெரிதாகக் கேட்கப்படவில்லை. பிஜியில் தலைமுறைகளாகப் பேணப்பட்ட ‘நியு லெக்கா’ குட்டைத் தென்னைக்கு அத்தீவினர் இட்ட பெயர் ஆவணத்தில் எஞ்சியிருக்கிறது. அதைப் பேணியவர் பெயர் எஞ்சவில்லை. தோப்பில் காய் பிளந்து துளைக்குழல் பிடித்த தொழிலாளரின் பெயரும் அவ்வாறே. ஆய்வுக்கட்டுரைகள் எத்தனை கரு எடுக்கப்பட்டது, எத்தனை முளைத்தது என்று எண்ணுகின்றன. எடுத்த கைகளை எண்ணுவதில்லை. வாய்மொழி வரலாறு சேகரிக்க விரும்பும் மாணவருக்குச் சிப்பிகாட்டிலும் காசர்கோட்டிலும் இன்னும் பணி இருக்கிறது. அந்தத் தலைமுறை ஓய்வுபெற்றுவிட்டது.

கிடுவில் கரு வளர்ப்பால் வந்த மரங்கள் மேற்குத்தொடர்ச்சி மலையடியில், கடற்காற்று எட்டாத் தொலைவில் நிற்கின்றன. தென்னம்பிள்ளையைத் தோண்டிப் பார்த்தால் அடியில் பழைய காயின் ஓடு ஒட்டியிருப்பது வழக்கம். இவை நடப்பட்ட நாளில் வேருக்குக் கீழே ஓடு இருக்கவில்லை. மணலும் நார்க்கழிவும் மட்டுமே இருந்தன.